வியாழனை வரைதல்: ஒரு பழக்கத்தின் பிரமாணமும் பிசகும்

குருப்பெயர்ச்சி என்றால் ஸ்ரீரங்கத்திலும் திருச்சியிலும் பஞ்சாங்கத்தைப் புரட்டாத வீடு அபூர்வம். ஆனால் குரு இப்போது எந்த ராசியில் நிற்கிறார் என்று விரல் மடித்துச் சொல்லக்கூடியவர்களுள், மொட்டை மாடிக்குச் சென்று தலை நிமிர்ந்து அவரை நேரில் கண்டவர்கள் சிலரே. அந்தச் சிலருள்ளும், ஒரு சிறு தொலைநோக்கியை அவர்பால் திருப்பி, அதில் தெரிவதைப் பென்சிலால் காகிதத்தில் வரைந்து வைப்பவர்கள் மிகச் சிலர். காமிராவும் விண்கலமும் வந்துவிட்ட பிறகு இது வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோரும் உண்டு. கண்ணுக்கு இதைவிடச் சிறந்த சாதகம் இல்லை என்று போற்றுவோரும் உண்டு. இரு சாராரும் சித்திரத்தை மட்டுமே பார்க்கிறார்கள், அதன் ஓரத்தில் எழுதியிருக்க வேண்டிய குறிப்பைப் பார்ப்பதில்லை என்பது என் அபிப்பிராயம்.

முதலில் ஊரின் பாக்கியத்தைச் சொல்லவேண்டும். திருச்சிராப்பள்ளி வடக்கு அட்சரேகையில் பதினொரு பாகைக்குச் சற்றுக் குறைந்த இடத்தில் அமைந்திருப்பதால், ராசி மண்டலத்தைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குச் சிறிது குறைவான காலத்தில் சுற்றிவரும் வியாழன், தனுசுவில் மிகத் தெற்கே தாழ்ந்து நிற்கும் ஆண்டிலும் இங்கே அடிவானத்திலிருந்து ஐம்பத்தைந்து பாகைக்கு மேல் ஏறிவிடுகிறது; மிதுனத்தில் நின்று 2026 ஜனவரி 10ஆம் தேதி சூரியனுக்கு நேர் எதிரே வந்தபோதோ, நள்ளிரவில் ஏறக்குறைய உச்சிக்கே வந்துவிட்டது. லண்டனில் இருப்பவனுக்கு அதே கிரகம் தாழ்ந்த ஆண்டுகளில் பதினைந்து பாகை உயரத்திலேயே, வாயுமண்டலத்தின் தடித்த அடுக்கினூடே கலங்கித் தெரியும். இன்னொரு நன்மையும் உண்டு: வியாழன் போதிய ஒளியுள்ள கிரகமாதலால், நட்சத்திரக் கூட்டங்களைத் தேடுவோரை விரட்டியடிக்கும் நகர வெளிச்சம் இதைக் காண்பவனை ஒன்றும் செய்வதில்லை, சத்திரம் பேருந்து நிலையத்தை அடுத்த ஒரு மாடியிலிருந்தும் அதன் மேகப் பட்டைகளை வரையலாம். 150 மடங்கு பெருக்கிக் காட்டும் சாதாரணக் கருவியில், இவ்வாறு சூரியனுக்கு எதிரே வரும் எதிர்நிலைக் காலத்து வியாழன், வெறுங்கண்ணுக்குப் பூரணச் சந்திரன் தெரியும் அகலத்தைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு அகலமாகத் தெரிகிறது. இவ்வளவு பெரிதாகத் தெரிந்தும் முதன்முறை பார்ப்பவர்கள் ‘இரண்டு கோடு இருக்கிறது’ என்பதற்கு மேல் ஒன்றும் காண்பதில்லை. குறை கருவியிலன்று, பழகாத கண்ணில்தான்.

இந்தப் பாக்கியத்தைக் கெடுப்பவையும் ஊரிலேயே இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை மேகம் வானத்தை மூடிக்கொள்வது ஒருபுறமிருக்க, பகலெல்லாம் வெயிலைக் குடித்த காங்கிரீட் தளம் இரவு நெடுநேரம் அதை வெளிவிட்டுக்கொண்டே இருப்பதால், மேலெழும் வெப்பக் காற்றினூடே கிரகத்தின் தட்டு, ஓடும் வாய்க்காலின் அடியில் கிடக்கும் கூழாங்கல்லைப்போல் நெளிகிறது. மாடியைவிட மண்தரை மேல். முன்னிரவைவிடப் பின்னிரவு மேல். பளிச்சென்று நட்சத்திரங்கள் மினுக்கும் இரவைவிட, மார்கழியில் லேசான மூட்டத்தோடு காற்று அசையாமல் நிற்கும் இரவு மேல். எந்த இரவிலும் அந்த நெளிவு சில விநாடி நின்று, பட்டைகளின் ஓரத்தில் உள்ள வளைவுகளும் முடிச்சுகளும் திடீரெனத் துலங்குவதுண்டு. வரைபவன் காத்திருப்பது அந்த விநாடிகளுக்காகவே.

வரையும் முறை எளிது. வியாழன் தன் வேகச் சுழற்சியால் துருவங்களில் பதினைந்தில் ஒரு பங்கு சப்பையாக இருப்பதால், முழு வட்டத்தை வரைந்துகொண்டு தொடங்குகிறவனுக்கு எல்லா அளவும் ஆரம்பத்திலேயே பிசகிவிடும். ஆகவே சரியான நீள்வட்டம் முன்கூட்டியே அச்சிட்ட தாளில்தான் வரையவேண்டும். பட்டைகளின் இடத்தை முதலில் குறித்து, பிறகு அவற்றின் செறிவை, கடைசியில் நுட்பங்களை நிரப்பவேண்டும். இதற்கெல்லாம் இருபது நிமிஷத்திற்கு மேல் அவகாசமில்லை. ஏனெனில் பத்து மணி நேரத்திற்கும் குறைவாகத் தன்னைச் சுற்றிக்கொள்ளும் அந்தக் கோள் இருபது நிமிஷத்தில் பன்னிரண்டு பாகை திரும்பிவிடுகிறது. நடுவில் இருந்த புள்ளி அதற்குள் தட்டின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு நகர்ந்திருக்கும். நிதானமாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து அழகாகத் தீட்டிய வியாழன் எந்த நேரத்து வியாழனும் அன்று.

இந்த அவசரத்தையே பலமாக மாற்றிக்கொண்டவர் ஒருவர் நமக்கு மிக அண்மையில், திருகோணமலையில் வாழ்ந்தார். 1867இல் கொழும்பில் பிறந்து, பிரிட்டிஷ் ராணுவத்தின் எஞ்சினியர் படையில் அதிகாரியாக இருந்த பெர்சி மோல்ஸ்வொர்த், பன்னிரண்டரை அங்குல விட்டமுள்ள ஆடித் தொலைநோக்கியை அங்கே நிறுவி, வியாழனின் ஒவ்வொரு புள்ளியும் தட்டின் நடுக்கோட்டைக் கடக்கும் கணத்தைக் கடிகாரம் பார்த்து ஆயிரக்கணக்கில் குறித்தார். அவருடைய சாதனையின் மர்மம் இதுதான்: நடுக்கோட்டைக் கடக்கும் நேரத்தில் ஒரு நிமிஷம் பிசகினால் புள்ளியின் இடத்தில் வரும் பிழை சுமார் 750 கிலோமீட்டர்; வெறும் கண்மதிப்பில் படத்திலிருந்து அளந்தால் பிழை அதைப்போல் பல மடங்காகும். 1901இல் கோளின் தென்பகுதியில் அவர் கண்டறிந்த பெருங்கலக்கம் பின்னர் ஏறக்குறைய நாற்பதாண்டுகள் நீடித்து, பல தேசத்து அவதானிகளால் பின்தொடரப்பட்டது. அவர் 1908இல் திருகோணமலையிலேயே, நாற்பத்தொரு வயதில் காலமானார். அவரது ஊருக்கும் நம் ஊருக்கும் அட்சரேகையில் வித்தியாசம் இரண்டு பாகைக்குச் சற்று மேல்தான். அவருக்குக் கிடைத்த வானம் நமக்கும் கிடைக்கிறது.

இனி இதன் பிசகைப் பார்ப்போம். கண் காண்பதோடு நில்லாமல், எதிர்பார்த்ததையும் சேர்த்து எழுதிவிடும். செவ்வாயில் கால்வாய்கள் ஓடுவதாகப் வானியலாளர் பெர்சிவல் லோவல் வரைந்த படங்கள் பொய் சொல்லும் நோக்கத்தோடு வரைந்தவையல்ல. மிகுந்த சிரத்தையோடு வரைந்தவை. 1903இல் கிரீனிச்சில் மாண்டர் என்ற வானியலாளர், ஒழுங்கற்ற புள்ளிகளும் திட்டுகளும் உள்ள படத்தைத் தூரத்தில் மாட்டிப் பள்ளிச் சிறுவர்களை வரையச் சொன்னபோது, கால்வாய் என்ற சொல்லே காதில் விழாத அவர்களும் நேர்கோடுகளை வரைந்தார்கள். சிரத்தை உண்மைக்கு உத்தரவாதமல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. வியாழனை வரைபவர்களுக்கும் இந்த அபாயம் உண்டு: 2010இல் தென் நடுக்கோட்டுப் பட்டை மங்கி ஏறக்குறைய மறைந்தேவிட்டது, பழக்கத்தால் தாளில் முதலில் இரண்டு பட்டைகளைப் போட்டுவிட்டுக் கண்ணை வைப்பவன் அத்தகைய மாறுதலைத் தவறவிடுவான். இன்று இது முன்னைவிட மோசமாகியிருக்கிறது. கைப்பேசியில் விண்கலப் படங்களைத் தினமும் பார்ப்பவன், ஆறங்குலக் கருவிக்கு எட்டாத சுழிகளையும் அறியாமலே வரைந்துவிடுகிறான். அந்தக் கருவியின் வரம்பு எதிர்நிலையிலும் சுமார் 2300 கிலோமீட்டர். அதற்கும் நுட்பமானது படத்தில் இருந்தால், கை நினைவிலிருந்து எழுதியது என்றே கொள்ளவேண்டும்.

ஆயினும் கண்ணை ஒரேயடியாகத் தள்ளிவிடுவதும் நியாயமன்று. 1852இல் சென்னை வானாய்வகத்தில் கேப்டன் ஜேக்கப், ஆறங்குலத்திற்குச் சற்றே மேற்பட்ட கருவியால், சனியின் மங்கிய உள்வளையத்தினூடே கோளின் விளிம்பு தெரிவதைக் கண்டு, அவ்வளையம் ஒளியை ஊடுருவவிடுவது என்று சொன்னார். ஏறக்குறைய அதே காலத்தில் மால்டாவில் லாசல் என்ற வானியலாளரும் அதையே கண்டார். ஒருவர் கண்டது மற்றொருவருடைய சாட்சியால் பிரமாணமாயிற்று. 2024இல் ஸ்பானிய ஆய்வாளர்கள், 1665 முதல் 1713 வரை வானியலாளர் காசினியும் பிறரும் வரைந்த வியாழன் படங்களை அளந்து பார்த்து, அவற்றில் உள்ள கரும்புள்ளி 1831 முதல் படங்களில் காணும் இன்றைய பெருஞ்செம்புள்ளி அன்று என்ற முடிவுக்கு வந்தார்கள். அந்தக் காலத்திற்குப் புகைப்படம் என்ற ஒன்றே இல்லை, பென்சில்தான் சாட்சி. அந்தப் படங்களுக்குத் தேதி இல்லாமல் போயிருந்தால் அவை அலங்காரத்திற்கே பயன்பட்டிருக்கும்.

இன்றைய காமிரா ஆயிரக்கணக்கான படங்களை எடுத்து, நெளிவு குறைந்தவற்றை மட்டும் பொறுக்கிச் சேர்த்து, அமெச்சூர்களின் கையிலேயே அற்புதமான விவரத்தைக் கொடுக்கிறது. விவரத்தில் அதனோடு போட்டியிடும் நினைப்பை வரைபவன் விட்டுவிடவேண்டும். புதிய கண்டுபிடிப்பும் இனி பெரும்பாலும் காமிராக்காரர்கள் பக்கந்தான். வரைபவனிடம் எஞ்சுவது, நூற்றைம்பது ஆண்டு கண் அவதானத்தோடு அதே அளவுகோலில் ஒப்பிடத்தக்க தொடர்ச்சியும், எதை நிச்சயமாகக் கண்டோம், எதைச் சந்தேகத்தோடு கண்டோம் என்று பிரித்தெழுதும் வழக்கமுமாகும். இது சிறியதன்று. ஆனால் அதற்கு ஓரக்குறிப்பு வேண்டும்: தொடங்கிய நேரம், முடித்த நேரம், கருவி, பெருக்கம், காற்றின் நிலை, எது வடக்கு என்ற குறி. நம் நேரம் உலக நேரத்திற்கு ஐந்தரை மணி முந்தியதாதலால், நள்ளிரவுக்குப் பின் இரண்டு மணிக்கு வரைந்த படத்திற்கு உலக நேரப்படி முந்திய நாளின் தேதியே உரியது. இந்த ஒரு விஷயத்தில் பிசகினால் எத்தனை நல்ல படமும் பயனற்றதாகிவிடும்.

எதிர்பார்ப்பினால் வரும் தோஷத்திற்கு எனக்குத் தெரிந்த பரிகாரம் ஒன்றுதான். ஸ்ரீரங்கத்தில் ஒருவரும் உறையூரில் ஒருவரும், ஒரே இரவில் ஒரே அரைமணியில், ஒருவருக்கொருவர் பேசாமலும் அன்றைய புகைப்படம் எதையும் பாராமலும் வரைந்து, மறுநாள் இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஒத்த அம்சங்களை மையால் உறுதிசெய்து, ஒவ்வாதவற்றை அழிக்காமல் கேள்விக்குறியோடு விட்டுவைக்கவேண்டும். புதுக்கோட்டைச் சாலையில் உள்ள அண்ணா அறிவியல் மையக் கோளரங்கம் போன்ற ஓரிடத்தில் அந்தத் தாள்களைத் தேதிவாரியாகச் சேர்த்துவைக்க ஓர் அலமாரி கிடைத்தால் போதும். வியாழன் 2027 பிப்ரவரியில் மீண்டும் எதிர்நிலைக்கு வருகிறது. மழை விலகி வானம் தெளிந்திருக்கும் தை மாதக் கடைசி அது. அதற்குள் இரண்டு பேரும், ஒத்துப்போகும் இரண்டு கடிகாரங்களும் கிடைத்துவிட்டால் அந்த மாதமே தொடங்கலாம்.