வென்றவர் பேசாத நியாயம்

கடைசிப் பந்து வரை இழுபறியாக நடந்த ஓர் ஆட்டத்தில் தம் அணி வென்றுவிட்டால், அந்த வெற்றியைக் கொண்டாடுவதோடு நில்லாமல் ஆட்டத்தின் நடுவரையும் கூண்டில் ஏற்றி விசாரிப்பது நம் ரசிகர்களிடையே ஒரு வழக்கமாக வேரூன்றிவிட்டது. "அம்பயரையும் சேர்த்துத்தானே ஜெயித்தோம்" என்ற பேச்சைத் தொண்டூரில் பஸ்ஸுக்கு நிற்கும் இளைஞர்களிடமும் கேட்கலாம், செஞ்சிக் கடைத்தெருவில் தேநீர் அருந்தும் பெரியவர்களிடமும் கேட்கலாம். இதைக் குறை சொல்லப் புகுந்தால், ரசிகனின் கோபம் அவனுடைய அன்பின் மறுபக்கம் என்றும், ஆவேசம் இல்லாத அபிமானம் அபிமானமே ஆகாது என்றும் உடனே ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. படித்தவர்களும் விளையாட்டைப் பற்றி எழுதுகிறவர்களும்கூட இந்தச் சமாதானத்தை ஆராயாமல் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்பதனாலேயே இதைச் சற்று விரிவாகப் பரிசீலிக்க வேண்டியிருக்கிறது.

ரசிகர்களின் எதிர்ப்புக் குரலால் நன்மையே விளைந்ததில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 2019 மார்ச் 28 அன்று பெங்களூரில், மும்பை அணிக்காக மலிங்கா வீசிய கடைசிப் பந்து கோட்டைத் தாண்டிய நோபால் என்பதை நடுவர் கவனிக்கத் தவறியபோது எழுந்த கூக்குரலுக்கு, அடுத்த ஆண்டு ஐ.பி.எல். போட்டிகளில் அத்தகைய நோபாலைப் பார்க்கும் பொறுப்பு மூன்றாவது நடுவருக்கு மாற்றப்பட்டதில் பங்கு உண்டு. தோற்ற அணியின் ரசிகர் மனம் நொந்து பேசுவதில் இயற்கையான ஒரு நியாயமும் இருக்கிறது. அவ்வளவையும் தயக்கமின்றி ஒப்புக்கொள்ளலாம்.

என்னுடைய ஆட்சேபம் தோற்றவரைப் பற்றியது அன்று, வென்றவரைப் பற்றியது. தோல்வியில் நம் மக்கள் பண்பு குறைந்தவர்கள் அல்லர். 1999 ஜனவரி மாதக் கடைசி நாளில் சேப்பாக்கத்தில், டெண்டுல்கர் 136 ரன் எடுத்தும் இந்தியா வெறும் 12 ரன்னில் பாகிஸ்தானிடம் தோற்றபோது, நெஞ்சு கனத்திருந்த அந்த ஜனத்திரள் எழுந்து நின்று எதிரணிக்குக் கரகோஷம் செய்தது. மைதானத்தைச் சுற்றி வலம் வந்து அந்த மரியாதையை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். தோல்வியில் இவ்வளவு பெருந்தன்மை காட்டத் தெரிந்த அதே மக்கள், வெற்றியில் அதை ஏன் கைவிடுகிறார்கள் என்பதே கேள்வி. தோற்றவருடைய புகாருக்கு ஒரு நோக்கம் இருக்கிறது. இழந்ததற்கு அவர் பரிகாரம் கேட்கிறார். வென்றவர் கேட்பதற்கோ எதுவும் இல்லை. நடுவருடைய பிழை அவருக்குத் தம் வெற்றியின் மேல் பூட்டிக்கொள்ளும் ஓர் ஆபரணமாகவே பயன்படுகிறது. எதிரே பதினொருவர் போதாமல் பன்னிரண்டாவது எதிரி ஒருவரையும் வென்றோம் என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு ஒரு சுகம் ஏற்படுகிறது.

2019 ஏப்ரல் 11 அன்று ஜெய்ப்பூரில் நடந்த ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ராஜஸ்தான் அணியின் 151 ரன்னைத் துரத்திய சென்னை அணி, 24 ரன்னுக்குள் 4 விக்கெட்டுகளைப் பறிகொடுத்து நின்ற நிலையிலிருந்து, ராயுடுவும் தோனியும் 95 ரன் சேர்த்து ஆட்டத்தை மீட்டார்கள். கடைசி ஓவரில் 18 ரன் வேண்டும்; வீசியவர் ஸ்டோக்ஸ். மூன்றாவது பந்தில் 58 ரன்னோடு தோனி ஸ்டம்பு சாய்ந்து வெளியேறினார். அடுத்த பந்து இடுப்புக்கு மேலே வந்த ஃபுல்டாஸ் என்று கருதி நோபால் காட்டக் கை உயர்த்திய நடுவர் உல்ஹாஸ் காந்தே, ஸ்கொயர் லெக் பக்கம் நின்ற ஆக்ஸன்ஃபோர்டு அதற்கு இசையாமையால் தம் சைகையைக் கைவிட்டார். உடனே, ஆட்டமிழந்து வெளியே இருந்த தோனி மைதானத்துக்குள் நடந்து வந்து நடுவர்களோடு வாதாடினார். அதற்காக ஆட்ட ஊதியத்தில் பாதி அவருக்கு அபராதமாக விதிக்கப்பட்டது. கடைசிப் பந்தைச் சாண்ட்னர் ஆறு ரன்னுக்கு அடித்துச் சென்னையை வெல்ல வைத்தார்.

நடுவர்கள் தடுமாறினார்கள் என்பதில் சந்தேகமில்லை. காட்டத் தொடங்கிய ஒரு தீர்ப்பை அரைகுறையாகத் திரும்பப் பெறுவது எந்த ஆட்டத்துக்கும் அழகு அன்று. ஆனால் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது நம் பக்கத்து ரசிகர்கள் நினைவு வைத்திருப்பது என்ன? நாலு விக்கெட் போன பிறகு ராயுடு எடுத்த 57 ரன்னை அவர்கள் பேசுவதில்லை; அவ்வளவு நெருக்கடியிலும் தோனியின் ஸ்டம்பைச் சாய்த்த ஸ்டோக்ஸின் பந்தைப் பேசுவதில்லை; சாண்ட்னரின் அடிகூட ஒரு பின்குறிப்பாகச் சுருங்கிவிடுகிறது. எஞ்சி நிற்பது நடுவரின் அரைச் சைகையும், தலைவரின் கோபமும், அந்தக் கோபத்தைத் தர்மாவேசமாகக் காட்டும் வியாக்கியானமுமே. எதிரணியின் திறமையை மறைக்கத் தொடங்கிய இந்த அபிமானம், கடைசியில் தம் அணி வியர்வை சிந்திச் சம்பாதித்த பெருமையையும் விழுங்கிவிடுகிறது.

இதைவிடப் பெரிய தீங்கு ஒன்று உண்டு. நேர்மையான பிழை ஒருவருக்கு எதிரியாகாது. ஆகவே நடுவரை எதிரியாக்க விரும்புகிறவர் அந்தப் பிழைக்கு ஓர் உள்நோக்கத்தைக் கற்பித்தே ஆகவேண்டும். கண் தவறியது என்று தொடங்கும் பேச்சு, பக்ஷபாதம் என்று வளர்ந்து, அம்பயர் காசு வாங்கிவிட்டார் என்று முடிகிறது. இதற்குச் சாட்சியம் எதையும் யாரும் கேட்பதில்லை. அதே சமயம், தமக்குச் சாதகமாக விழுந்த பிழைகளை அதே வாய்கள் அதிர்ஷ்டம் என்று சொல்லி அடக்கம் செய்துவிடுகின்றன. நமக்கு எதிரான பிழை லஞ்சம், நமக்கு இசைவான பிழை தெய்வாதீனம் என்று தீர்ப்பு வழங்கும் ஒரு மனம், பாரபட்சம் என்ற குற்றத்தைப் பிறர் மேல் சுமத்தும் யோக்கியதையை அந்தக் கணமே இழந்துவிடுகிறது.

நடுவரின் பிழையை உண்மையில் திருத்தக் கூடியவர் ஒருவர்தாம். அதனால் லாபம் அடைந்தவர். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில், பத்து கஜம் முன்னேற ஓர் அணிக்கு நான்கு முயற்சிகளே உண்டு. 1940 நவம்பர் 16 அன்று டார்ட்மத் கல்லூரிக்கு எதிராக 0–3 என்று பின்தங்கியிருந்த கார்னெல் அணிக்கு, நடுவர் ஃப்ரீசல் எண்ணிக்கை பிசகி ஐந்தாவது முயற்சி ஒன்றை அளித்துவிட, ஆட்டம் முடியும் தறுவாயில் அந்த முயற்சியிலேயே கார்னெல் வென்றது. பதினெட்டு ஆட்டங்களாகத் தோல்வியே காணாத அணி அது. படச்சுருளைப் பார்த்துப் பிழை உறுதியானதும் நடுவர் தம் தவற்றை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். கார்னெல் வெற்றியைத் திருப்பிக் கொடுத்தது. 7–3 என்றிருந்த முடிவு டார்ட்மத்துக்கு 3–0 என்று மாறியது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1990 அக்டோபர் 6 அன்று, மிசௌரியை எதிர்த்து ஆடிய கொலராடோ அணிக்கு அதே விதமான ஐந்தாவது முயற்சி கிடைத்தது. 33–31 என்று வென்ற அந்த அணி வெற்றியை விட மறுத்து, அந்த ஆண்டின் தேசியப் பட்டத்தையும் பங்குபோட்டுக்கொண்டது. சட்டம் கொலராடோவின் பக்கம் இருந்தது. தர்மம் கார்னெலின் பக்கம் இருந்தது.

நம் நாட்டிலும் இதற்கு உதாரணம் இல்லாமல் இல்லை. 1980 பிப்ரவரியில் பம்பாயில் நடந்த பொன்விழா டெஸ்ட் ஆட்டத்தில், 58 ரன்னுக்கு 5 விக்கெட்டை இழந்து இங்கிலாந்து தத்தளித்த வேளையில், நடுவர் அவுட் கொடுத்த பாப் டெய்லரை, பந்து மட்டையில் படவில்லை என்று அறிந்த இந்தியத் தலைவர் விசுவநாத் திரும்ப அழைத்து ஆடச் செய்தார். டெய்லரும் போத்தமும் 171 ரன் சேர்த்தார்கள். இந்தியா 10 விக்கெட்டில் தோற்றது. விலை மிகப் பெரியதுதான். ஆனாலும் அந்த ஆட்டத்தில் விசுவநாத்துக்குக் கிடைத்த மதிப்பை வேறு எந்த வெற்றி கொடுத்திருக்கும்?

பெரிய மைதானங்களின் இந்த நோய் சிறிய மைதானங்களை எப்படிப் பீடிக்கிறது என்பதைத் தொண்டூர்ப் பக்கம் கோடைக்காலத்தில் பிரத்தியக்ஷமாகக் காணலாம். அறுவடை முடிந்த நிலத்தில் அடிக்கட்டையைத் தேய்த்துச் சமன் செய்து, குச்சிகளை நட்டு, டென்னிஸ் பந்தில் ஆடுகிறார்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே எல்.பி.டபிள்யூ. கிடையாது என்று பேசி முடித்துக்கொள்கிறார்கள். காரணம், அதைத் தீர்மானிக்கும் அளவுக்கு நம்பத்தக்க ஒருவர் என்று இரண்டு பக்கமும் யாரையும் ஒப்புவதில்லை. மட்டை பிடிக்கும் அணியின் ஆளே நடுவராக நிற்கிறான். ரன் அவுட் ஒன்று சந்தேகமாக விழுந்தால், குனிந்து மண்ணில் மட்டை இழுத்த கோட்டை விரலால் காட்டி இரு தரப்பும் கத்துகின்றன. குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டு ஒரு தரப்பு நடையைக் கட்டுகிறது. எல்லோரும் பந்து வீச விரும்புகிறார்கள், மட்டை பிடிக்க விரும்புகிறார்கள். நடுவே நிற்க விரும்பும் பையன் ஒருவன்கூட இல்லை. நடுவர் என்றால் விலைபோனவர் என்று பெரியவர்கள் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து கற்றுக்கொடுத்த பாடத்தைப் பிள்ளைகள் வேறு எவ்விதம் கற்றுக்கொள்வார்கள்?

73 டெஸ்ட் ஆட்டங்களில் நடுவராக நின்று உலகம் மதிக்கும் பெயர் எடுத்த வெங்கட்ராகவன் இந்த மாநிலத்துக்காரர். மலிங்காவின் நோபாலைத் தவறவிட்ட எஸ். ரவியும் சென்னைக்காரரே, அப்போது சர்வதேச நடுவர்களின் உயர்நிலைக் குழுவில் இருந்த ஒரே இந்தியர். அந்த ஆண்டு ஜூலையில் அக்குழுவில் அவர் இடம் இழந்தார். ஒரு பந்தால் அது நேர்ந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பல ஆண்டுக் கால உழைப்பு முழுவதையும் மறந்து, அந்த ஒரு பந்தால் மட்டுமே அவரை அடையாளம் காணும் ரசிகர் கூட்டத்தை என்னால் மன்னிக்க இயலாது. அந்த ஆட்டத்தில் வென்ற ரோஹித் சர்மாவோ, இத்தகைய பிழைகள் ஆட்டத்துக்கு நல்லதல்ல என்று அன்றே வெளிப்படையாகச் சொன்னார். தலைவருக்கு முடிந்தது, அவரைக் கொண்டாடுகிறவர்களுக்கு ஏன் முடியவில்லை?

இயந்திரங்கள் வந்தால் இந்தச் சச்சரவு தீரும் என்பாரும் உண்டு. ஐ.பி.எல். போட்டிகளில் 2018 முதலே மறுபரிசீலனை முறை இருக்கிறது. திரைக்கு முன்னால் அமர்ந்து தீர்ப்புச் சொல்பவரும் அதே வசைகளைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். குறை கண்ணில் இருந்தால் கருவி உதவும். மனத்தில் இருக்கும்போது எந்தக் கருவி உதவும்?

ஆகவே, கோபமே அன்பு என்னும் சமாதானத்தை நான் முற்றாக நிராகரிக்கிறேன். நடுவர் பிழை செய்வார். மனிதர் தீர்ப்பளிக்கும் வரையில் அது நீங்காது. அந்தப் பிழை யாருக்கு லாபமாயிற்றோ அவரே அதை முதலில் எடுத்துச் சொல்வது என்ற வழக்கம் ஏற்பட்டாலன்றி இந்த விவகாரத்துக்கு முடிவு இல்லை. தம் அணி வென்ற நாளில், தமக்குச் சாதகமாக விழுந்த தீர்ப்பு எது என்று ஒரு வார்த்தை சொல்ல மனம் வராத அபிமானிக்கு, தோற்ற நாளில் நியாயம் கேட்கும் உரிமையும் கிடையாது.