ஜீனோவும் 6174ம்

பெங்களூரு ஜாலஹள்ளியில் உள்ள பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பல ஆண்டுகள் பொறியாளராக இருந்தவர் எஸ். ரங்கராஜன். வாசகர்களுக்கு அவர் சுஜாதா. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஒருவர் வாக்களித்த பின், சாவடி அதிகாரி தம் பக்கத்துப் பொத்தானை மறுபடி அழுத்தும்வரை அந்த இயந்திரம் அடுத்த வாக்கை ஏற்காது. எத்தனை முறை அமுக்கினாலும் சரி.

அலுவலகத்தில் இவ்வளவு கறாரான இயந்திரத்தோடு புழங்கியவர், கதையில் அந்தக் கறாரைத் தளர்த்திக்கொண்டார். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா'வில் நிலாவும் சிபியும் ஜீவாவின் சர்வாதிகாரத்தில் வாழ்கிறார்கள். அங்கே பெயருக்கு இரண்டெழுத்துதான் அனுமதி. பிள்ளை பெறவும் அரசிடம் கேட்க வேண்டும். ஜீனோ என்ற இயந்திர நாய் புத்தகம் படிக்கிறது, வாதாடுகிறது, நிலாவுக்குத் துணை நிற்கிறது. அதன் மூளை எப்படி இயங்குகிறது என்று கவலைப்பட்ட வாசகர்கள் குறைவு. ஜீனோவை நேசித்தவர்கள்தான் அதிகம். தமிழ் அறிவியல் புனைவு அன்றிலிருந்தே பாத்திரங்களின் பக்கம் சாய்ந்துவிட்டது.

விதி பிசகாத புனைவின் ஈர்ப்பு வேறு மாதிரியானது. டாம் காட்வின் 1954இல் எழுதிய 'தி கோல்ட் ஈக்வேஷன்ஸ்' கதையில், மருந்து கொண்டுபோகும் சிறு விண்கலத்தில் ஓர் இளம்பெண் ஒளிந்து ஏறிவிடுகிறாள். எரிபொருளோ ஒருவர் எடைக்கு அளந்து ஊற்றியது. அண்ணனைப் பார்க்கத்தான் வந்தாள். விமானி நல்லவர், ஆனாலும் கணக்கு மாறாது; அவளை வெளியேற்றித்தான் ஆகவேண்டும். இயற்பியலைத் தளர்த்தினால் அந்தத் துயரமும் இருக்காது. கறாரான அறிவியல் மனிதர்களை ஒதுக்கிவிடும் என்ற குற்றச்சாட்டு இந்தக் கதையிடம் செல்லாது.

தமிழில் அந்தப் பக்கம் துணிந்து போன நாவல் க. சுதாகரின் '6174'. தேவ்லாலி பள்ளி ஆசிரியர் காப்ரேகர் கண்டறிந்த எண் அது. 3524ஐ எடுத்துக்கொள்ளலாம். இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி, ஏறுவரிசையில் எழுதியதைக் கழித்தால் 5432 – 2345 = 3087. அதையே மறுபடி செய்தால் 8352, அடுத்து 6174. அதன்பின் எத்தனை முறை செய்தாலும் அதே எண்தான். நாலும் ஒரே இலக்கமாக இல்லாத எந்த நான்கிலக்க எண்ணும் ஏழு படிகளுக்குள் இங்கே வந்து நிற்கும். பென்சிலோடு உட்கார்ந்து கதை படிக்கும் சுகத்தைத் தமிழ் வாசகர்களுக்குக் கொடுத்ததற்காகவே இந்த நாவலைக் கொண்டாடலாம்.

ஜெயமோகனின் 'விசும்பு' தொகுப்பு சித்த மருத்துவம் போன்ற உள்ளூர் அறிவு மரபுகளிலிருந்து கதை எடுத்தது. லாவண்யா லட்சுமிநாராயண் ஆங்கிலத்தில் எழுதிய 'தி டென் பெர்சென்ட் தீஃப்' பெங்களூருவையே எதிர்கால நகரமாக்கி, மனிதர்களை உற்பத்தித்திறனால் தரம் பிரிக்கிறது; 2024 ஆர்தர் சி. கிளார்க் விருதின் இறுதிப் பட்டியலுக்கும் வந்தது. அதன் பலம் கருவிகளில் இல்லை. கீழே தள்ளப்பட்டவர்களின் வாழ்க்கையில் இருக்கிறது.

கறாரான அறிவியலும் மனிதர்களும் சேரும் கதைக்கான சரக்கு ஜாலஹள்ளிக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. 2019 செப்டம்பர் 7 அதிகாலை, பீன்யாவில் உள்ள இஸ்ரோ கட்டுப்பாட்டு அறையில் சந்திரயான்-2இன் விக்ரம் கலம் நிலவில் தரையிறங்குவதை விஞ்ஞானிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிலவிலிருந்து சமிக்ஞை வரவே ஒரு விநாடிக்கு மேல் ஆகும். அதனால் கலம் தானாகவே இறங்க வேண்டும், அறையிலிருப்பவர்கள் கை கொடுக்க முடியாது. 2.1 கிலோமீட்டர் உயரம்வரை சரியாக இறங்கியபின் தொடர்பு அறுந்தது. அந்த ஒரு விநாடித் தாமதத்தை மாற்றாமல், அந்த மேசைகளில் இருந்தவர்களின் இரவைத் தமிழில் எழுத, இயற்பியலும் மனிதர்களும் ஒருசேரப் பிடிபட்ட ஒரு கை வேண்டும்.