கிளித்தட்டின் அழகு

பந்து வேண்டாம், மட்டை வேண்டாம், சப்பாத்தும் வேண்டாம். வெறுந்தரையும் கோடு கீற ஒரு தடியும் இருந்தால் வன்னியில் கிளித்தட்டு தொடங்கிவிடும். நீள்சதுரம் கீறி, நடுவே ஒரு நெடுங்கோடும் குறுக்கே பல கோடுகளும் இழுப்பார்கள். குறுக்குக் கோடு ஒவ்வொன்றிலும் ஒருவர் மறித்து நிற்பார். அந்தக் கோட்டை விட்டு அவர் விலகக்கூடாது. நடுக்கோட்டில் ஓடும் உரிமை ‘கிளி’ எனப்படும் மறிப்பவருக்கு உண்டு. ஆகவே கட்டத்துக்குள் அகப்பட்டவருக்கு முன்னால் ஒரு கை, பக்கத்தில் இன்னொரு கை. எவரும் தட்டாமல் கடைசிக் கோட்டையும் தாண்டித் திரும்பி வர வேண்டும்.

இங்கே ஓட்டத்தை விட ஏய்ப்பே அழகு. இடப்பக்கம் தோளைச் சாய்த்து, மறிப்பவர் அங்கே பாய்ந்ததும் வலப்பக்கத்தால் நழுவும் அந்தக் கணம்! மறிப்பவரின் கவனத்தைத் தன் பக்கம் இழுத்துத் தோழனுக்கு வழி திறப்பவரின் ஆட்டம் அதைவிடப் பெரிது.

ஊர் விளையாட்டுக்கு ஓர் அமைப்பு இருந்தால் அது எப்படித் தழைக்கும் என்பதற்கு அயர்லாந்தைப் பார்க்கலாம். அந்நாட்டின் திப்பரேரிக் கவுண்டியில், தேர்லஸ் நகரில், 1884இல் கேலிக் விளையாட்டுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஹர்லிங், கேலிக் காற்பந்து என்ற அந்நாட்டு விளையாட்டுகள் அதனால் தழைத்தன. இன்றும் கவுண்டி அணிக்கு ஆடுவோர் சம்பளம் வாங்குவதில்லை. ஊர்க் கழகங்களே வேர்.

இங்கே வன்னியில், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் விளையாட்டுக் கழகங்கள் நிறையவே உண்டு. புத்தாண்டு விழாவோடு நின்றுவிடாமல் கிளித்தட்டுக்கும் ஒழுங்கான சுற்றுப்போட்டி வைக்க வேண்டும். உதைபந்தாட்ட மைதானத்தின் ஒரு மூலையே அதற்குப் போதும்.