துருக்கி மொழியில் இரண்டாம் வேற்றுமை

எவர்சில்வர் பாத்திரம் விற்கிறவனுக்குத் துருக்கி இலக்கணம் எதற்கு என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். சரக்கு பார்க்க வந்த இஸ்தான்புல் வியாபாரி ஒருவரிடம் நாலு வார்த்தை பேசும் ஆசையில் தொடங்கியது. ஆங்கில வழித் தொடக்க நூல்கள் சிலவற்றைப் படித்தேன். அவற்றின்மேல் எனக்கொரு குறை உண்டு.

செயப்படுபொருளுக்கு உருபு சேர்ப்பதை விளக்கும்போது, ஆங்கிலத்தில் 'தி' வருமிடத்தில் சேர் என்று குறுக்குவழி காட்டுகிறார்கள். 'கிதாப் ஒகுதும்' என்றால் புத்தகம் படித்தேன். 'கிதாபு ஒகுதும்' என்றால் புத்தகத்தைப் படித்தேன். சரி. ஆனால் அஹ்மத்தைப் பார்த்தேன், உன்னைப் பார்த்தேன் என்பவற்றுக்கும் உருபு வேண்டுமே, அங்கே 'தி' ஏது? தமிழனுக்கு இந்தச் சுற்றுவழியே வேண்டாம். தண்ணீர் குடித்தேன், தண்ணீரைக் குடித்தேன் என்ற வித்தியாசம் நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். கவனிக்க வேண்டியது ஒன்றுதான். 'ஒரு பையனைப் பார்த்தேன்' என்பதில் நாம் ஐ-யை விட முடியாது, பையன் உயர்திணை. துருக்கியில் திணைப் பாகுபாடு கிடையாது; 'ஒரு பையன் பார்த்தேன்' என்ற அமைப்பே அங்கே சரி.

பவணந்தி முனிவர் நன்னூலில் இரண்டாம் வேற்றுமைக்கு ஐ ஒன்றே உருபு என்றார். துருக்கியில் அந்த உருபு நாலு வேஷம் போடுகிறது. சொல்லின் கடைசி உயிர்தான் அதைத் தீர்மானிக்கும். 'எவ்' (வீடு) 'எவி' ஆகும், 'ஒகுல்' (பள்ளி) 'ஒகுலு' ஆகும். மூன்றாவது, இ சொல்லிக்கொண்டே இதழ் குவிக்கும் ஒலி. அது நமக்குப் புதுசு, பழகத்தான் வேண்டும். நாலாவது, அகரத்துக்குப் பின் வருவது, 'கிதாபு' என்பதன் கடைசி ஒலி. புள்ளியில்லாத ஐ எழுத்து என்று அதை ஆங்கில நூல்கள் பெரிதாக விளக்குகின்றன. அட, காசு, பட்டு என்று சொல்லிப் பாருங்கள், ஏறக்குறைய நம் குற்றியலுகரம்தானே! உயிரில் முடியும் சொல்லானால் யகர உடம்படுமெய்யும் வருகிறது: 'அரபா' (வண்டி), 'அரபாயு'.

இதையெல்லாம் பார்த்துவிட்டுத் தமிழும் துருக்கியும் ஒரே குடும்பம் என்று நம் சங்க மேடையில் சில ஆண்டுகளுக்கு முன் நானே பேசினேன், கைதட்டும் வாங்கினேன். கால்டுவெல்லும் 1856-இல் திராவிட மொழிகளைத் துருக்கி முதலியவை அடங்கிய 'சித்திய' இனத்தோடு சேர்த்துப் பார்த்தவர்தான். இன்றைய மொழியியலார் அதை ஏற்பதில்லை. உருபுகளை ஒட்டிக்கொண்டே போகும் அமைப்பு உறவில்லாத மொழிகளிலும் உண்டு. உறவுக்கு அடிப்படைச் சொற்களில் ஒழுங்கான ஒலி ஒப்புமை வேண்டும், அது இங்கே நிறுவப்படவில்லை. நாலு வேஷம் போடும் அந்த உருபும் நம் ஐ-யின் தம்பி அல்ல. அன்று கேட்டவர்கள் என் பேச்சைத் தள்ளுபடிக் கணக்கில் எழுதிவிடவும்.