எழுத்தும் பேச்சும்

பேசுமாறே எழுதுதல் வேண்டும் என்பது ஒருசாரார் கொள்கை. ஒலி பலவாக இருப்பவும் எழுத்துச் சிலவேயுடைமையால் தமிழ் நெடுங்கணக்குக் குறைபாடுடையது என்பதும் அவர் கூற்று. இவை எத்துணைப் பொருந்தும் என்பது ஆராயற்பாலது.

ககரத்தை நோக்குக. 'கல்', 'தங்கம்', 'அகம்' என்னுஞ் சொற்களில் அது மூவேறு வகையாய் ஒலிக்கின்றது. ஆயினும் எவ்விடத்து எவ்வொலி என்பது இடத்தாலேயே பெறப்படும். தமிழ்ச்சொற்களில் அவ்வேறுபாட்டாற் பொருள் வேறுபடுவதில்லை. ஆதலின் ஓரெழுத்தே போதுமாயிற்று. இது வறுமையன்று, சிக்கனமேயாம்.

பொருள் வேறுபடுமிடத்து நிலை வேறு. 'எரி', 'ஏரி' என்பவற்றைப் பிரித்தறியும் பொருட்டுத் தொல்காப்பியம் எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளி விதித்தது. ஓலையிற் புள்ளியிடுதல் அருகவே அவ்வேறுபாடு எழுத்தில் மறைந்தது. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடில்களுக்கு வேறு வடிவம் அமைத்தார். இன்றியமையாத வேறுபாட்டைக் காட்டினமையால் அத்திருத்தம் நிலைபெற்றது. 1978இல் தமிழ்நாட்டரசு மேற்கொண்ட சீர்திருத்தமோ 13 எழுத்துகளின் வரிவடிவை மாற்றியதேயன்றி, எச்சொல்லின் எழுத்துக்கூட்டையும் மாற்றியதன்று.

பிறமொழிச் சொற்கள் மேற்கூறிய இடவிதிக்கு அடங்கா என்பது மெய்யே. 'பஸ்' என்பதன் முதலொலி 'பல்' என்பதன் முதலொலியன்று. ஆயின், செவிவழியே எழுதுதல் இதற்கு மருந்தாகுமா? ஆங்கிலத்தின் ஓரொலியை ஈழத்தார் றகர ரகரங்களாலும் தமிழகத்தார் டகரத்தாலும் குறிப்பர். கனடா நாட்டு நகரொன்று ஈங்கு 'ரொறன்ரோ', ஆங்கு 'டொராண்டோ'. இருசாராரும் தத்தஞ் செவிக்கு இயைய எழுதினர். விளைவு, ஒருசாரார் எழுதியதை மற்றவர் தடுமாறிப் படித்தலே. யாழ்ப்பாணத்தார் 'போறன்' என்பர். சென்னையார் 'போறேன்' என்பர். 'போகிறேன்' என்னும் எழுத்துவழக்கு இருவர்க்கும் பொதுவாகின்றது.

இதனாற் பேச்சு எழுத்தேறலாகாது என்பதன்று. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 'நானாடகம்' (1940) என்னும் நூலில் யாழ்ப்பாணப் பேச்சை எழுத்திற் பெய்தார். நாடகமாந்தர் இன்னார், இன்ன ஊரினர் என உணர்த்தவேண்டிய அவ்விடத்து அதுவே தக்கது. அறிவுநூலுக்கு வேண்டுவதோ பல ஊராரையும் இணைக்கும் பொதுமை.

அப்பொதுமைக்கு மாணவர் இறுக்கும் விலையும் உண்டு. வீட்டில் 'போறன்' எனப் பயின்ற சிறார் பள்ளியில் மற்றொரு வடிவத்தைக் கற்றல் வேண்டும். அவர்தம் பேச்சைப் பிழையெனக் கடியும் ஆசிரியர் அச்சுமையை இரட்டிப்பவராவர். இரண்டற்கும் உள்ள தொடர்பை விளக்குவோரே எழுத்தைக் கற்பிப்பவராவர்.