பிளே பிரிட்ஜ் வித் ரீஸ் (நூல் விமர்சனம்)

'பிளே பிரிட்ஜ் வித் ரீஸ்' 1960-ல் வெளிவந்த பிரிட்ஜ் சீட்டாட்ட நூல். ஆசிரியர் டெரன்ஸ் ரீஸ் (1913–1996) இங்கிலாந்தைச் சேர்ந்த ஆட்டக்காரர், எழுத்தாளர். 1955-ல் உலகப் பட்டமான பெர்முடா கோப்பையை வென்ற பிரிட்டன் அணியில் ஆடியவர். மறைந்திருக்கும் சீட்டுகளை ஊகித்தறிவதே நூலின் மையம்.

பின்னணி

பிரிட்ஜில் நால்வருக்கும் 13 சீட்டுகள் வீதம் பங்கிடப்படும். ஏலம் எடுத்த தரப்பில் ஆட்டத்தை நடத்துபவர் டிக்ளேரர். அவருடைய கூட்டாளியின் சீட்டுகள் 'டம்மி' என மேசைமேல் விரிக்கப்படும். ஆகவே டிக்ளேரருக்கு 26 சீட்டுகள் தெரியும். மற்ற 26 எதிராளிகளிடம் மறைந்திருக்கும். போட்டிகளில் ஒரே பங்கீட்டைப் பல மேசைகளில் ஆடுவார்கள். எனவே நல்ல சீட்டு வந்தது என்பதால் மட்டும் யாரும் முந்த முடியாது. ஒரு ராணி யார் கையில் என்று சரியாகக் கண்டவர் முந்துகிறார்.

நூலின் முறை

ரீஸுக்கு முன்பும் ஆட்ட நூல்கள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை நான்கு கைகளையும் வரைந்து காட்டிவிட்டு விளக்கம் சொல்பவை. விடையைப் பார்த்தபின் கணக்கு எளிதாகத் தோன்றும். ரீஸ் டிக்ளேரரின் இரண்டு கைகளை மட்டுமே காட்டி, ஆடுபவரின் மனத்தில் ஓடும் எண்ணங்களை வரிசையாகச் சொல்கிறார். நான்கு கைகளும் ஆட்டம் முடிந்த பிறகே தெரியவருகின்றன. வாசகர் பார்வையாளராக அன்றி, கூடவே சிந்திப்பவராகிறார்.

ஊகத்தின் அடிப்படை

இம்முறையை ஓர் எளிய உதாரணத்தால் விளக்கலாம். ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக்கி 1 என்பது வழக்கமான புள்ளிக் கணக்கு. மேற்கில் இருப்பவர் முதலில் பேசவேண்டியவர். அவர் ஏலம் கேட்காமல் 'பாஸ்' சொன்னார். தெற்கு நான்கு இஸ்பேட் ஆடுகிறார். மேற்கு ஹார்ட் ராஜாவையும் ஏஸையும் போட்டு இரண்டு டிரிக் எடுத்தார். பின்னர் டைமண்ட் ராஜாவால் இன்னொன்று எடுத்தார். இதுவரை 10 புள்ளிகள். இனி ஒரு டிரிக்கும் இழக்க முடியாது. இஸ்பேட் ராணி எங்கே?

டம்மியில் ஏஸ், ஜாக்கியுடன் நான்கு இஸ்பேட். டிக்ளேரரிடம் ராஜா, பத்துடன் ஐந்து. ஒன்பது சீட்டுகள் இருந்தால் ஏஸையும் ராஜாவையும் போட்டு ராணி தானே விழுகிறதா என்று பார்க்கவேண்டும் என்பது பொது விதி. ஆனால் அந்த விதி தரும் சாதகம் மிகச் சிறியது. ராணியும் மேற்கிடம் இருந்தால் அவருக்கு 12 புள்ளிகள். அவர் பெரும்பாலும் ஏலத்தைத் தொடங்கியிருப்பார். எனவே ராணி கிழக்கிடம் இருக்கவே வாய்ப்பு அதிகம். டம்மியில் ஏஸைப் போட்டுவிட்டு, அங்கிருந்தே சிறிய சீட்டை ஆடி, கிழக்கும் சிறியது போட்டால் கையிலுள்ள பத்தைப் போடவேண்டும். எதிராளி சொல்லாமல் விட்டதும் ஒரு செய்தி என்பதே இந்நூலின் முதன்மையான பாடம்.

குறைகள்

நூலின் ஆட்டங்கள் ஆசிரியர் தேர்ந்தெடுத்தவை. சரியான ஊகம் எத்தனை முறை பொய்க்கும் என்பதை அவற்றைக்கொண்டு வாசகர் அளவிட முடியாது. எதிராளிகளும் பெரும்பாலும் முறைப்படி ஆடுபவர்கள். சாதாரணப் போட்டிகளிலோ 12 புள்ளிகளோடு பாஸ் சொல்பவர்களும் உண்டு; இன்று 11 புள்ளிகளிலேயே தொடங்குபவர்களும் பலர். அதனால் மேற்கண்ட கணக்கின் எல்லை மேசைக்கு மேசை மாறும். எதிராளிகளின் ஏலமுறையைத் தன் முறை வரும்போது கேட்டறிய டிக்ளேரருக்கு விதி இடம் தருகிறது. அப்படிக் கேட்காமல் நூலின் எண்களை அப்படியே பின்பற்றும் மாணவர் ஏமாறக்கூடும். நூலில் சிந்திப்பவர் களைப்படைவதில்லை. மேசையில் கடிகாரம் ஓடுகிறது.

மதிப்பீடு

1965-ல் போனஸ் அயர்ஸில் நடந்த உலகப் போட்டியில், ரீஸும் அவருடைய கூட்டாளி போரிஸ் ஷாப்பிரோவும் விரல்களால் ஹார்ட் எண்ணிக்கையைச் சைகை செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டனர். உலக பிரிட்ஜ் கூட்டமைப்பு அவர்களைக் குற்றவாளிகள் என்றது. பிரிட்டனில் நடந்த விசாரணை 1966-ல் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்றது. அந்தச் சர்ச்சையைக் கொண்டு இந்நூலை எடைபோட வேண்டியதில்லை. இதிலுள்ள ஒவ்வொரு முடிவும் மேசையில் அனைவரும் கண்ட சீட்டுகளிலிருந்தும், அனைவரும் கேட்ட ஏலத்திலிருந்தும் பெறப்படுகிறது. வாசகர் ஒவ்வொரு படியையும் தாமே சரிபார்க்கலாம். ரீஸின் எண்களை மாற்றிக்கொள்ள நேரலாம். எண்ணும் பழக்கத்தைக் கற்றுத்தரும் ஆசானாக இந்நூல் இன்றும் பயன்படும்.