மாயாவியும் அவன் பக்தர்களும்

பாலவனத்தம் என்றதும் தமிழ் படித்தவர்கள் பாண்டித்துரைத் தேவரைச் சொல்வார்கள். 1901இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய ஜமீன்தார். ஸ்காட் என்ற ஆங்கிலேயர் திருக்குறளில் எதுகை மோனை சரியாக இல்லை என்று தாமாகவே 'திருத்தி' அச்சிட்டதாகவும், தேவர் கிடைத்த பிரதிகளையெல்லாம் விலை கொடுத்து வாங்கி அழித்ததாகவும் ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அந்த ஊர்ப்பக்கத்தில், இரும்புக்கை மாயாவி என்ற காமிக்ஸ் நாயகனின் ரசிகர்கள் பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தேவர் ஞாபகம்தான். மறுபதிப்பில் ஒரு வசனம் மாறியிருக்கட்டும், அட்டைப்படம் வேறாக இருக்கட்டும், பொறுக்க மாட்டார்கள். அருப்புக்கோட்டை நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணாச்சி ஒருவர் சொன்னார்: "மாயாவியை மாத்தாதீங்க தம்பி. வேணும்னா நீங்க மாறிக்கோங்க."

அரை நூற்றாண்டாக நீடிக்கும் இந்தப் பற்றை எடைபோட வேண்டும் என்று தோன்றியது அந்தப் பேச்சுக்குப் பிறகுதான். கேலி செய்ய நினைக்கவில்லை. நானும் அந்தப் புத்தகங்களில் எழுத்துக்கூட்டியவன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழ் வந்தது. வெளியிட்டவர் சௌந்தரபாண்டியன், ஆசிரியர் முல்லை தங்கராசன். இதழின் பெயரே 'இரும்புக்கை மாயாவி'. மூலம், லண்டனிலிருந்து வந்த 'வேலியன்ட்' என்ற சிறுவர் வார இதழில் 1962இல் தொடங்கிய தொடர். கதையைத் தொடங்கியவர் கென் புல்மர் என்ற அறிவியல் புனைகதை எழுத்தாளர், பிறகு டாம் டல்லி தொடர்ந்தார். வரைந்தவர் பார்சிலோனாக்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. ஆய்வுக்கூட உதவியாளன் லூயி கிராண்டெல் விபத்தில் வலது கையை இழக்கிறான், எஃகுக் கை பொருத்திக்கொள்கிறான். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், கை மட்டும் தெரியும்.

அந்த 'மட்டும் தெரியும்' என்பதில்தான் கதையின் உயிர் இருக்கிறது. எச்.ஜி. வெல்ஸ் 1897இலேயே முழுதாக மறையும் மனிதனை எழுதிவிட்டார். கண்ணுக்கே தெரியாத ஒருவனைச் சித்திரத்தில் காட்டுவது பெரும்பாடு. இங்கே ஓவியருக்குப் பிடிமானமாக ஒரு கை இருக்கிறது. இருட்டறையில் பூட்டைத் திறக்கும் கை, மின்கம்பியைத் தேடிப் போகும் கை, யாரும் தொடாமலே டெலிபோனை எடுக்கும் கை. வலிமையோடு ஒரு பலவீனமும் சேர்ந்தே வருவதால் கட்டத்துக்குக் கட்டம் பதற்றம் நிற்கிறது. கையை மறைக்க வேண்டும், மின்சாரத்தின் வேகம் தீர்வதற்குள் தப்பிக்க வேண்டும். பிளாஸ்கோவின் தூரிகை ஈரத் தெருக்களையும் விளக்கொளியையும் புகைப்படம் போல நிறுத்தும். மட்டமான நியூஸ் பிரிண்டில், மை அப்பிய அச்சில் பார்த்தும் அந்த நிழல்கள் ஒரு தலைமுறையின் மனதில் ஒட்டிக்கொண்டன என்றால், அந்தப் பெருமையில் பெரும்பங்கு ஓவியருக்கே. ஆனால் அவர் பெயரைச் சொல்லத் தெரிந்த ரசிகர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மாயாவியைச் சிவகாசியே பெற்றுப்போட்டது போலத்தான் பேச்சு.

(அறிவியல் என்று பார்த்தால் ஒன்றும் தேறாது. உடம்பு ஒளியைத் தடுக்காவிட்டால் விழித்திரையும் தடுக்காது, ஆகவே மாயாவிக்குக் கண் தெரியக் கூடாது. மின்சாரம் புதிதாக வந்த வீட்டுப் பிள்ளைகள் பிளக்கில் விரலை விட்டுப் பார்க்கத் துணிந்த கதையைச் சொல்லாத ரசிகர் எனக்கு வாய்த்ததில்லை. உயிரோடு இருப்பவர்கள்தானே சொல்ல முடியும்.)

இந்த வறண்ட சீமையில் அது ஏன் அப்படி வேர்பிடித்தது? 1985இல் மாவட்டம் பிரிக்கப்படும்வரை சிவகாசியும் அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் ஒரே இராமநாதபுரம் மாவட்டம். விருதுநகரில் பஸ் மாறினால் புத்தகம் பாலவனத்தம் வந்துவிடும். மழை பெய்தால் விதைப்பு, பெய்யாவிட்டால் வெறும் கரிசல் என்று இருந்த ஊர்களில் பிள்ளைகளுக்குப் பொழுதுபோக்குக்குத் திருவிழாவும் டூரிங் டாக்கீஸும்தான் இருந்தன. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க்கு லண்டன் வீதியையும் பாதாள நகரத்தையும் காட்டிய பொருள் வேறு எது? ஒருவன் வாங்கினால் தெருவே படித்தது. வாடகைப் புத்தகக் கடையிலும் பழைய பேப்பர் கடையிலும் கைமாறிக் கைமாறி, அட்டை போன பிறகும் ஓடியது. பள்ளிப் பாடம் தராத சரளத்தை, நிறுத்தாமல் அடுத்த பக்கம் புரட்டும் பழக்கத்தை, 'பாம்புத் தீவு', 'நாச அலைகள்' போன்ற மாயாவி கதைகள் தந்தன. தமிழ்நாட்டில் பிற்பாடு தீவிரமாக வாசித்தவர்களில் கணிசமானோர் இந்த வாசலைக் கடந்து வந்தவர்கள். இதை இலக்கியக்காரர்கள் ஒப்புக்கொள்ளத் தயங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

ரசிகர்களின் இன்னொரு நற்பணி, காப்பாற்றியது. சிறுவர் இதழ்களை நூலகங்கள் சேர்த்துவைப்பதில்லை, கிழிந்ததும் கழித்துவிடும். பழைய முத்து இதழ்கள் இன்று கண்ணில் படுகின்றன என்றால் தகரப் பெட்டிகளில் வேப்பிலையோடு அடுக்கி வைத்தவர்களால்தான். இங்கிலாந்தில் பி.பி.சி. நிறுவனம் 'டாக்டர் ஹூ' தொடரின் பழைய ஒளிநாடாக்களை அழித்துவிட்டது. தொலைந்த பகுதிகளின் ஒலி மட்டும் இன்றைக்கும் கிடைக்கிறது. வீட்டுத் தொலைக்காட்சிக்கு எதிரே டேப் ரிக்கார்டரை வைத்துப் பதிவுசெய்த ரசிகர்களின் புண்ணியம் அது. நிறுவனத்துக்குத் தோன்றாத அக்கறை ரசிகனுக்குத் தோன்றியிருக்கிறது, அங்கேயும் இங்கேயும். 2012 ஜனவரியில், முத்துவின் சகோதர வெளியீடான லயன் காமிக்ஸின் 'கம்பேக் ஸ்பெஷல்' வந்ததிலிருந்து இன்றுவரை சிவகாசியில் இந்த வெளியீடு நிற்பதற்கு முன்பணம் கட்டும் சந்தாதாரர்கள்தான் முதுகெலும்பு. பெட்டிக்கடைகளில் தொங்கிய காலம் முடிந்த பிறகு, வாசகனே ஒரு பதிப்பகத்தைத் தாங்குவது தமிழில் அடிக்கடி நடக்கிற காரியமா?

இவ்வளவும் வரவு. ஆனால் தாங்கும் கையே கழுத்தையும் இறுக்குகிறது.

முதலாவதாக, இவர்கள் நேசிப்பது படித்த கதையையா என்பதே சந்தேகம். மூலத்தின் முதல் கதையில் கிராண்டெல் நல்லவனே அல்ல. மறையும் சக்தி கிடைத்ததும் திருடுகிறான், அதிகார வெறி தலைக்கேறி நியூயார்க்கையே மிரட்டுகிறான். பிறகுதான் மனம் திரும்பி, நிழற்படை என்ற உளவு அமைப்பில் சேர்கிறான். கையில் துப்பாக்கியும் விஷவாயுவும் முளைப்பதெல்லாம் அதற்கு அப்புறம். அந்த முதல் கதையே ஆகச் சிறந்தது என்பது என் கணிப்பு. அங்கே ஊனமுற்ற, ஒதுக்கப்பட்ட, கோபக்காரனான ஒரு மனிதன் இருக்கிறான். பிந்தைய உளவாளி வெறும் கருவிப்பெட்டி. ரசிகர்களின் ஞாபகத்தில் நிலைத்திருப்பவனோ உளவாளி மாயாவி. குற்றவாளி கிராண்டெலைப் பற்றி விவாதிக்கத் தொடங்கினால், "அது சும்மா ஆரம்பத்துல" என்று கடந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, தராதரம் பார்ப்பதில்லை. வார இதழுக்காகச் சில பக்கங்களாக எழுதப்பட்ட தொடரைத் தமிழில் ஒரே புத்தகமாகக் கட்டும்போது சில பக்கங்களுக்கு ஒருமுறை ஒரு ஆபத்து, உடனே ஒரு தப்பிப்பு என்று கதை விக்கிக்கொண்டே நடக்கும். அது தவிர, 1967, 68 வாக்கில் ஃப்ளீட்வே நிறுவனம் மாயாவிக்கும் ஸ்பைடர் என்ற இன்னொரு காமிக்ஸ் நாயகனுக்கும் தனிப் பாக்கெட் புத்தகங்கள் போட்டது. வேறு ஓவியர்கள், அவசர வேலை. இந்த இரு வகைச் சரக்கையும் ஒரே தட்டில் வைத்துக் கொண்டாடும் ரசிகனைப் பார்த்தால் எனக்கு அலுப்பாக இருக்கும். கிடைத்த ஒவ்வொரு இதழும் பொக்கிஷம் என்றால் 'நன்றாக இருக்கிறது' என்ற சொல்லுக்கு என்ன வேலை? சேகரிப்பவனின் கண்ணும் படிப்பவனின் கண்ணும் பிரிந்துவிடுகின்றன. அட்டை அசலா, ஊக்கு துருப்பிடித்திருக்கிறதா என்பதைப் பார்ப்பவர், உள்ளே பெண் பாத்திரம் எத்தனை பக்கத்தில் தலைகாட்டுகிறது என்று பார்ப்பதில்லை. காட்டுவாசிகளை மூடர்களாகவும் கொடியவர்களாகவும் வரைந்த அக்கால பிரிட்டிஷ் சிறுவர் இதழ்களின் ஏகாதிபத்தியப் பார்வையும் மறுபதிப்புகளோடு சேர்ந்தே வருகிறது. அதைச் சுட்டினால், "அந்தக் காலத்துக் கதைங்க" என்று பதில். அந்தக் காலத்துக் கதை என்றால் முன்னுரையில் நாலு வரி எழுதிச் சேர்க்கலாமே.

எனக்கு உறுத்தும் விஷயம் வேறொன்று. வேலைசெய்யும் இடத்தில் விபத்து, கை போயிற்று, இரும்புக்கை. இந்தக் கதை தமிழில் அச்சேறிய ஊர் எது? தீப்பெட்டி லேபிளும் பட்டாசு லேபிளும் காலண்டரும் அச்சடித்த அதே சிவகாசி. வெடிமருந்தில் விரல் போனவர்களும் கை கருகியவர்களும் வாழும் சுற்றுவட்டாரம். மாயாவியைப் படிக்கக் கொடுத்துவைத்த பிள்ளையின் வயதுக்காரன் ஒருவன் அதே காலத்தில் விடியுமுன் வேன் ஏறித் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தான். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில், எம்.சி. மேத்தா தொடுத்த அந்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் விரிவான தீர்ப்பு வர 1996 டிசம்பர் ஆயிற்று. கரிசல் நாட்டுச் சிறுவனுக்கு இழந்த கைக்குப் பதிலாக வல்லமையோடு ஒரு கை முளைக்கும் கற்பனை ஏன் அவ்வளவு தித்தித்தது என்பதில் இதற்குப் பங்கு உண்டோ என்று நான் யோசிப்பதுண்டு. நிரூபிக்க முடியாது. ஆனால் ரசிகர்களின் மலரும் நினைவுகளில் ஆலமரமும் கோடை விடுமுறையும் பாட்டி கொடுத்த காசும் வரும், அந்த வேன் வராது. மாயாவியின் மீது இத்தனை அன்பு வைத்தவர்கள் அவனுடைய காயத்தின் மீது ஏன் ஆர்வமே காட்டவில்லை?

படைப்பைப் பற்றியும் கேட்க வேண்டியிருக்கிறது. 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடர் 1966இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே ரசிகர்கள் தாங்களே கதை எழுதி இதழ் போட்டார்கள், 1968இல் கடிதம் எழுதிக் குவித்து மூன்றாம் பருவத்தை வாங்கினார்கள். சிறுவயதிலிருந்து 'டாக்டர் ஹூ' பித்தராக இருந்த ரஸ்ஸல் டி. டேவிஸ்தான் 2005இல் அத்தொடரை மீட்டு எழுதினார். அங்கே ரசிகமனம் பேனா பிடித்தது. இங்கே? சிம்புதேவன் 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' படம் எடுத்து கௌபாய் காமிக்ஸுக்கு 2010இல் ஒரு சிரிப்பான வணக்கம் வைத்தார். இரும்புக்கை மாயாவியைப் படமாக்கும் ஆசையை லோகேஷ் கனகராஜ் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இப்படிச் சில தனிக்கைகளைத் தவிர, ஐம்பது வருடப் பற்றிலிருந்து தமிழ் அறிவியல் சித்திரக்கதை என்று ஒரு மரபு எழும்பவில்லை. அச்சகம் பக்கத்தில், ஓவியர்கள் காலண்டருக்கும் லேபிளுக்கும் வரைந்துகொண்டிருக்கிறார்கள், காசு கட்டக் காத்திருக்கும் வாசகர்களும் உண்டு. குறைவது என்ன? கேட்பதுதான் குறைவு. சந்தாதாரர் கேட்பது மறுபதிப்பு, ஆகவே வருவதும் மறுபதிப்பு.

ஒப்பிட வேண்டுமானால் வெளிநாடு போக வேண்டாம். சுஜாதா எண்பதுகளில் 'என் இனிய இயந்திரா' எழுதினார். எதிர்கால இந்தியா, ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி, பெயர் இரண்டு எழுத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம், கேள்வி கேட்கும் ஒரு இயந்திர நாய் ஜீனோ. பிறகு 'மீண்டும் ஜீனோ' வந்தது, முதல் நாவல் தொலைக்காட்சித் தொடராகவும் ஆனது. மாயாவியை விட ஜீனோ எவ்வளவோ நம்முடையவன்(!). நெருக்கடி நிலையைப் பார்த்த தலைமுறைக்கு அந்தச் சட்டம் புரிந்தது. இருந்தும் ஜீனோவுக்குத் தகரப்பெட்டி வைத்த ரசிகர் கூட்டம் உருவாகவில்லை. எழுத்தாளருக்கு உருவானது, பாத்திரத்துக்கு இல்லை. சித்திரக்கதையாக வந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கலாம். சித்திரம் செய்யும் வேலையை உரைநடை செய்யாது என்பதை மாயாவி ரசிகர்கள் நிரூபித்திருக்கிறார்கள், அந்த நிரூபணத்தைப் பயன்படுத்தத்தான் யாரும் முன்வரவில்லை.

இன்றைய சந்தாதாரருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. புத்தகம் ஆர்ட் பேப்பரில் நூற்றுக்கணக்கான ரூபாய் விலையில் வருகிறது. பெரியவர்கள் கொடுக்கலாம், பாலவனத்தம் அரசுப் பள்ளிப் பையன் கொடுக்க முடியாது. கொடுத்தாலும் 1960களின் லண்டன் அவனுக்கு என்ன சொல்லும்? அண்ணாச்சியின் பேரன் செல்போனில் ஜப்பானிய அனிமேயில் இரும்புக் கை வைத்த இன்னொருவனைப் பார்க்கிறான். தாத்தாவின் பெட்டியைத் தொட அவனுக்கு அனுமதி கிடையாது, கை அழுக்காக இருக்கும் என்று.

இரும்புக்கை மாயாவியின் உரிமை இப்போது ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள ரெபெலியன் நிறுவனத்திடம் இருக்கிறது. அவர்கள் மூலக் கதைகளை அழகாக மறுபதிப்பும் செய்கிறார்கள். ஆக, தமிழில் யாராவது புதிய மாயாவி கதை எழுத நினைத்தால் அனுமதி வாங்க வேண்டும், பணம் கட்ட வேண்டும். அந்தச் சிரமத்துக்கு வேறு பெயர், வேறு முகம், வேறு விபத்து யோசிப்பது மலிவு. தீப்பெட்டி ஆபீஸில் கையை இழந்த ஒரு பெண்ணிலிருந்து கூட ஆரம்பிக்கலாம். அந்த முதல் இதழுக்குச் சந்தா கட்டத் தயாரா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். "படம் யாரு வரையுறா?" என்றார்.